அட்டையில் இல்லாத பெயர்: வடிவமைப்பு, எந்திரம், கைத்திறன் குறித்துச் சில குறிப்புகள்

1

கொஞ்ச காலமாக ஒரு புலம்பல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. படம் போடுகிறவர், அட்டை வடிவமைக்கிறவர், எழுத்துரு வரைகிறவர் எல்லோருடைய பிழைப்பிலும் மண் விழப்போகிறது. மனிதத் திறனுக்கு இனி என்னதான் மதிப்பு? இது ஒரு பக்கம். மறுபக்கத்திலிருந்து உடனே ஆறுதல் வருகிறது: பயப்படாதீர்கள், எந்திரத்துக்குக் கற்பனை கிடையாது, ஆன்மா கிடையாது, மனிதக் கை செய்வதை அது ஒருநாளும் செய்ய முடியாது. கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இந்த இரண்டையும் ஒரே நண்பர் பத்து நிமிட இடைவெளியில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஏன் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நண்பர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய கதைகள். பதிப்பகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, நாலு பேர் காசு போட்டு 300 பிரதி அச்சடிக்கிற ஏற்பாடுதான். பேப்பருக்கும் பைண்டிங்குக்குமே பணம் பத்தவில்லை. ரேப்பருக்கு எங்கே போவது? ஒரு ராத்திரி கணினி முன்னால் உட்கார்ந்து, 'உப்பளத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்' என்று தட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நாலு படம் வந்து நின்றது. பைசா செலவில்லை. நண்பருக்கு அனுப்பினேன். பிரமாதம் என்றார்.

அந்தப் படத்தை இப்போது ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கிறேன். நடுவில் ஒரு பெண். இடுப்பில் கூடை. சுருக்கம் விழுந்த முகம், ஆனால் அந்தச் சுருக்கத்திலும் ஒரு நளினம். சேலை கசங்கியிருக்கிறது, கறை இல்லை. பின்னால் சூரியன் அஸ்தமிக்கிறது. பொன்னிறம் எல்லாவற்றின் மேலும் வழிகிறது. அவள் நம்மைப் பார்க்கிறாள். அவளுடைய உழைப்பு முடிந்துவிட்டது அல்லது இன்னும் தொடங்கவில்லை. படத்தில் உழைப்பு மட்டும் இல்லை. கையில் வாருபலகை இல்லை, காலில் புண் இல்லை, கூட வேலை செய்கிற ஆள் யாரும் இல்லை, கங்காணி இல்லை, லாரி இல்லை. உப்பளத்தைச் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்க்கிற படம். நண்பரின் கதைகள் எந்தப் பார்வையை எதிர்த்து எழுதப்பட்டனவோ அந்தப் பார்வையையே அவற்றின் முகத்தில் ஒட்டிவிட்டேன். பார்த்த உடனே எனக்கு இது உறைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

உறைக்க வைத்தவர் அண்ணாச்சி. போர்டு எழுதுகிறவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தூத்துக்குடியில் கடைப்பலகை, கட்சிச் சுவர், லாரியின் பின்கதவு என்று எல்லாம் எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு ஜவுளிக்கடை ஒன்றில் செக்யூரிட்டி. செல்போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வெளிச்சம் மேலருந்துல்லா விழுது. அளத்துல வெயிலு கீழருந்துல்லா அடிக்கும். உப்பு கண்ணாடி மாதிரி. தாடைக்குக் கீழதான் வெளிச்சமா இருக்கும். கண்ண இடுக்கிக்கிட்டுத்தான் எவளும் நிப்பா. இவ என்னமோ போட்டாவுக்கு நிக்கா."

கொஞ்சம் கழித்துக் கேட்டார்: "யாரு வரைஞ்சது?"

"கம்ப்யூட்டர்தான் அண்ணாச்சி."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

2

அண்ணாச்சி சொன்ன முதல் விஷயத்தை வைத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, மனிதத் திறன் வென்றுவிட்டது' என்று கட்டுரையை முடித்துவிடலாம். அப்படி முடிப்பது ஏமாற்று வேலை. வெளிச்சம் கீழிருந்து வர வேண்டும், கண் இடுங்கியிருக்க வேண்டும் என்று நான் அன்றைக்கே மறுபடி தட்டியிருந்தால் எந்திரம் அப்படியும் ஒன்றைப் போட்டுத் தந்திருக்கும்.

இதை நான் 'ஆறு விரல் வாதம்' என்று அழைக்கிறேன். டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்று படம் போடும் எந்திரங்கள் 2022-ல் வரிசையாக வெளியே வந்தபோது நாமெல்லாம் கைவிரல்களை எண்ணினோம். ஆறு இருந்தது, சில சமயம் ஏழு. தமிழில் எழுதச் சொன்னால் ஜிலேபியைப் பிழிந்து வைத்தது. சிரித்தோம். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதியும் இருந்தது. பிறகு வந்த பதிப்புகளில் விரல் பெரும்பாலும் சரியாகிவிட்டது, எழுத்தும் தேறிக்கொண்டு வருகிறது. எந்திரத்தால் எது முடியவில்லையோ அதில் போய் மனிதனின் மதிப்பை வைத்தால், ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அந்த மதிப்பைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடி ஓட வேண்டியதுதான். குடிசையைப் பிரித்துப் பிரித்துக் கட்டுகிற மாதிரி.

எனவே அண்ணாச்சியின் இரண்டாவது கேள்விக்குப் போவோம். அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இந்த எந்திரங்கள் வேலை செய்யும் விதம் மந்திரம் ஒன்றும் இல்லை. படங்களையும் அவற்றோடு சேர்ந்த வாசகங்களையும் கோடிக்கணக்கில் திரட்டுகிறார்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் புள்ளி புள்ளியாக இரைச்சலைத் தூவிக் கலைத்து, கலைந்ததிலிருந்து மீட்டெடுக்க எந்திரத்தைப் பழக்குகிறார்கள். பழகிய பிறகு வெறும் இரைச்சலிலிருந்தே, நாம் தட்டுகிற சொற்களுக்குப் பொருந்தும்படி ஒரு படத்தை அது 'மீட்டுத்' தருகிறது. 2022-ல் வெளியான லயான்-5பி என்ற திரட்டில் படமும் வாசகமுமாக 585 கோடி இணைகளின் பட்டியல் இருந்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பழக்கியது அதிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டுதான். வரைந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஓவியர்கள் மூன்று பேர் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள்.

ஆக, சொல்லிக் கொடுத்தது நாம்தான். சம்மதம் கேட்கப்படாமல், கூலி கொடுக்கப்படாமல், பெயர் சொல்லப்படாமல். ஆனால் இந்த 'நாம்' எல்லோரும் சமமாக இருக்கிற 'நாம்' கிடையாது. யார் கையில் கேமரா இருந்தது, யார் படத்தை இணையத்தில் ஏற்றினார்கள், யார் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் திரட்டு அமைகிறது. உப்பளத்தை அதிகமாகப் படமெடுத்தது உப்பளத்தில் வேலை செய்கிறவர் இல்லை. வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சாயங்காலம் போன புகைப்படக்காரர். ஆகவே எந்திரத்தின் உப்பளத்தில் எப்போதும் சாயங்காலம். விடியுமுன்னே பாத்தியில் இறங்குகிறவர்களுடைய நேரம் அதில் இல்லை. எந்திரம் தருவது ஒருவிதச் சராசரி, ஆனால் சராசரி என்பது நடுநிலையானது என்று நினைத்துவிடக் கூடாது. ஆதிக்கப் பார்வை எத்தனை முறை தன்னைப் பிரதியெடுத்துக்கொண்டதோ அத்தனை முறைக்கான கூட்டுத்தொகைதான் அந்தச் சராசரி.

3

இங்கே நமக்கு நாமே ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மனிதத் திறன் அழிகிறது என்கிற இந்தத் துக்கம் ஏன் இப்போது வந்தது?

2000-களின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் வந்தது. சென்னையில் சினிமா பேனரும் கட்-அவுட்டும் வரைந்துகொண்டிருந்தவர்கள் சில வருஷங்களுக்குள் காணாமல் போனார்கள். கட்டம் போட்டு, ஒரு சாண் புகைப்படத்தை நாற்பது அடி உருவமாக்கி, கீழே தரையில் நிற்கிறவன் கண்ணுக்கு மூக்கு மூக்காகத் தெரிவதற்கு மேலே எவ்வளவு கோணலாக வரைய வேண்டும் என்று கணக்குப் போட்ட கைகள் அவை. ஊர் ஊராகப் போர்டு எழுதியவர்களும் அப்படித்தான் போனார்கள். நூல் பிடித்துக் கோடு போட்டு, சுவரின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப எழுத்தின் தடிமனைக் கூட்டிக் குறைத்து, 'ஜவுளி' என்ற மூன்று எழுத்தை இருபதடி அகலத்துக்கு இழுத்து நிரப்பத் தெரிந்தவர்கள். தங்கள் வேலையின் மூலையில் சின்னதாகப் பெயர் எழுதி, பக்கத்தில் 'ஆர்ட்ஸ்' என்று போட்டுக்கொள்வார்கள். ஃப்ளெக்ஸில் அந்த மூலையில் அச்சடித்த கடையின் போன் நம்பர் வந்தது.

அதற்கும் முன்னால் அச்சுக் கோப்பவர்கள். நம் சிறுபத்திரிகைகள் எத்தனையோ அவர்கள் விரலில் ஈயம் ஏறி ஏறித்தான் வெளிவந்தன. டிடிபி வந்ததும் அவர்களும் போனார்கள். கே.எம். ஆதிமூலத்தின் (1938–2008) கோட்டோவியங்களையும் எழுத்துகளையும் பற்றி நாம் பேசினோம், நியாயம்தான். அவருடைய கோடு நம் பத்திரிகைகளின் முகத்தையே மாற்றியது. ஆனால் உள்ளே பக்கம் பக்கமாக எழுத்தைப் பொறுக்கி அடுக்கிய கம்பாசிட்டரின் பெயர் நம்மில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை.

இந்த இரண்டு அழிவுகளின்போதும் 'மனிதத் திறனின் எதிர்காலம்' என்று யாரும் கருத்தரங்கம் போடவில்லை. அவை வெறும் 'வேலை இழப்பு'. இன்றைக்குக் கணினி முன் உட்கார்ந்து வடிவமைக்கிற, படித்த, நடுத்தர வர்க்கத்து டிசைனரின் நாற்காலி ஆடத் தொடங்கியதும் பிரச்சினை மனிதகுலத்தின் பிரச்சினையாகிவிட்டது. 'மனிதன்' என்ற சொல் எப்போது யாருக்காக வெளியே எடுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

'டிசைன்' என்ற சொல்லாடலே இந்த நாட்டில் எப்படிக் கட்டமைக்கப்பட்டது என்று பாருங்கள். இந்திய அரசு அழைத்து வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-ல் 'இந்தியா ரிப்போர்ட்' என்ற அறிக்கையைக் கொடுத்தார்கள். அதன் வழியாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கை இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களிலெல்லாம் ஆகச் சிறந்ததாக எதைக் கொண்டாடியது தெரியுமா? லோட்டாவை. சொம்பை. இடுப்பில் உட்காரும் வளைவு, ஊற்றும்போது விளிம்பின் போக்கு, நிறைந்தும் காலியாகவும் இருக்கும்போது எடையின் சமநிலை, தேய்த்துக் கழுவ உள்ளே கை போகும் அகலம் என்று நிறைய யோசித்து எழுதினார்கள். மனம் திறந்த பாராட்டு, சந்தேகமில்லை. ஆனால் சொம்பை எந்த ஒரு தனிமனிதரும் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து வடிவமைத்தன என்பது அவர்கள் வாதம். வாதம் சரியாகவே இருக்கட்டும். விளைவு என்ன? கன்னாரும் குயவரும் 'மரபு' என்ற பெயரற்ற திரளாகக் கரைந்தார்கள். அந்தத் திரளிலிருந்து பாடம் கற்று வெளியே வருகிறவருக்கு 'டிசைனர்' என்று பெயர் கிடைத்தது. ஒரு பக்கம் பெயரில்லாத கை. மறுபக்கம் பெயருள்ள மூளை. சாதிச் சமூகத்துக்கு இது ஏற்கெனவே பழகிய பிரிவினைதானே! சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-லேயே சொல்லிவிட்டார்.

இன்று டிசைனருக்கு நடந்திருப்பது இதுதான். அவருடைய வேலையும் பெயரற்ற ஒரு திரளாக மாறிவிட்டது. அன்று அதற்கு 'மரபு' என்று பெயர், இன்று 'தரவு'. குயவர் நின்ற இடத்தில் டிசைனர் கொண்டுபோய் நிறுத்தப்பட்டிருக்கிறார். அந்த இடம் எவ்வளவு காலமாக இருந்து வருகிறது என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

4

எந்திரத்துக்கும் வடிவமைப்புக்குமான உறவு 2022-ல் தொடங்கிய ஒன்றும் இல்லை. கணினியின் பூர்வீகத்தைத் தோண்டினால் ஒரு தறி கிடைக்கிறது. 1804-ல் பிரான்சின் ஜக்கார், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பட்டில் பூவேலை நெய்யும் தறியமைப்பை உருவாக்கினார். அதற்கு முன் தறியின் மேலும் பக்கத்திலும் இருந்து பாவு நூல்களைத் தூக்கிக் கொடுத்த உதவியாளின் ஞாபகம் அட்டையின் துளைகளுக்குள் போனது. சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு எந்திரத்துக்கு அந்த அட்டையைத்தான் கடன் வாங்கினார். 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்காரின் உருவப்படம் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. பார்க்க வருகிறவர்களிடம் அதைக் காட்டுவார். அந்த எந்திரம் பூவும் இலையும் நெய்வதைப் போலவே இயற்கணிதக் கோலங்களையும் நெய்யும் என்ற பொருளில் 1843-ல் எழுதினார் அடா லவ்லேஸ்.

இதே பாபேஜ் 1832-ல் தொழிற்சாலைப் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு முதலாளித்துவ ரகசியத்தைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறார். ஒரு வேலையைப் பல துண்டுகளாக உடைத்தால், ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு திறன் தேவையோ அவ்வளவை மட்டும் விலைக்கு வாங்கலாம்; முழுத் திறனுள்ள ஆளுக்கு முழுநாளும் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. 1974-ல் ஹாரி பிரேவர்மன் இந்த இழையைப் பிடித்துக்கொண்டு 20-ஆம் நூற்றாண்டின் உழைப்பு முழுவதையும் வாசித்தார். அவரே இளமையில் கப்பல் கட்டும் தளத்தில் செம்பு வேலை கற்றவர். யோசிப்பதும் செய்வதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை உடைப்பதுதான் நிர்வாகத்தின் வேலை, எந்திரம் அதற்கு ஒரு கருவி என்பது அவர் முடிவு.

அப்படியானால் இன்றைய எந்திரத்தில் புதிதாக என்ன இருக்கிறது? முன்பு 'செய்வது' எந்திரத்துக்குப் போனது, 'யோசிப்பது' மேலே இருந்த சிலரிடம் மிஞ்சியது. இப்போது அந்த 'யோசிப்பதை'யும் துண்டு துண்டாக உடைத்து விலை போடுகிறார்கள். நல்லது எது, கெட்டது எது, இந்தப் படத்தில் இருப்பது நாயா பூனையா, இந்த வாசகம் ஆபாசமா என்று எந்திரத்துக்குக் குறியிட்டுக் கொடுக்க ஆட்கள் வேண்டியிருக்கிறது. கொடூரமான வாசகங்களைப் படித்துப் படித்து வகைபிரித்த கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகக் கூலி கிடைத்தது என்று 2023 ஜனவரியில் 'டைம்' பத்திரிகை எழுதியது. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இந்தக் குறியிடும் வேலை நடக்கிறது. எந்திரம் 'தானாக'ச் செய்கிறது என்று நாம் வியக்கும் இடத்தில் யாரோ ஒரு பெண் ஷிப்ட் முடித்து பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

ஒரு சின்னச் சரித்திரக் குறிப்பு. ஜக்கார் தறியின் ஊரான லியோனில் 1831-ல் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தறியை உடைப்பதற்காக எழவில்லை. நெய்த துணிக்குக் குறைந்தபட்சக் கூலி விகிதம் நிர்ணயிக்க வேண்டும், ஒப்புக்கொண்ட விகிதத்தைக் கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. எந்திரத்தைப் பற்றிய நம் பேச்சில் இந்தக் கோரிக்கை காணாமல் போய், எந்திரத்துக்கு ஆன்மா உண்டா என்கிற தத்துவ விசாரம் மட்டும் மிஞ்சுவது யாருக்கு வசதி?

5

இந்த இடத்தில் எதிர்ப்பக்கப் பள்ளம் ஒன்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். எந்திரம் வேண்டாம், கைத்திறனைப் போற்றுவோம், மண்ணின் கலைஞனைக் கொண்டாடுவோம் என்கிற குரல். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் குரலுக்கு ஒரு முன்கதை உண்டு. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் என்ன சொன்னது? பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள். கைத்திறனின் பெயரால்தான் அதுவும் வந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் 'குலக்கல்வி' என்று சரியாகப் பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜியும் போனார், திட்டமும் போனது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கு 'விஸ்வகர்மா' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, குடும்பத் தொழில் என்கிற நிபந்தனையை நீக்காமல் நிறைவேற்ற மாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு எழுதியதற்குப் பின்னால் இருப்பதும் இந்த ஞாபகம்தான்.

கைத்திறன் ரத்தத்தில் வருவது என்று சொல்கிறவரும், எந்திரத்தால் எட்ட முடியாத 'ஆன்மா'விலிருந்து வருவது என்று சொல்கிறவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கற்றுக்கொண்டது என்பதை மறைக்கிறார்கள். அண்ணாச்சிக்கு வெளிச்சம் கீழிருந்து அடிக்கும் என்று தெரிந்தது எப்படி? அவர் ரத்தத்தில் உப்பு இல்லை. உப்புக் கம்பெனி ஒன்றின் மதில்சுவரில் மூன்று நாள் வெயிலில் நின்று எழுதியிருக்கிறார். 'கண்ணு எரிஞ்சு போச்சு தம்பி' என்றார். யாரும் அங்கே நின்றிருந்தால் தெரிந்துகொண்டிருக்கலாம். நான் நிற்கவில்லை. திறன் என்பது இப்படி உடல் ஓர் இடத்தில், ஒரு காலத்தில், சில மனிதர்களுக்கு நடுவில் நின்றதன் மிச்சம். அதைப் புனிதமாக்க வேண்டியதில்லை. நிற்பதற்கு நேரமும் கூலியும் கிடைக்க வேண்டும்.

வால்ட்டர் பெஞ்சமின் பெயரை இங்கே ஆளாளுக்கு இழுக்கிறார்கள். எந்திரப் பிரதியாக்கத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் மங்கிவிட்டது என்று 1936-ல் அவர் எழுதியதை ஒப்பாரியாகப் படிக்கிறார்கள். அவர் ஒப்பாரி வைக்கவில்லை. ஒளிவட்டம் போனதும் கலை சடங்கிலிருந்து விடுபட்டு அரசியலுக்குள் வரும் என்றுதான் எதிர்பார்த்தார். கூடவே, அந்த எந்திரங்கள் யார் கையில் இருக்கின்றன என்று கேட்காவிட்டால் பாசிசம் அரசியலையே அழகியலாக்கிவிடும் என்றும் எச்சரித்தார். 2009-ல் சென்னை மாநகராட்சி சுவரொட்டிகளை ஒழிக்கிறேன் என்று பிரதானச் சாலைச் சுவர்களில் படம் வரைய வைத்தது. ஃப்ளெக்ஸால் வேலை இழந்த பேனர் ஓவியர்கள் சிலருக்கு அதில் வேலை கிடைத்தது. வரையப்பட்டது என்ன? கோயில், நடனம், கிராமத்துக் காட்சி. கையால்தான் வரைந்தார்கள், அசல் தூரிகை, அசல் பெயிண்ட். ஆனால் அது எந்திரம் எனக்குத் தந்த உப்பளப் பெண்ணின் அக்காதான். ஆணையிட்டவனின் பார்வை மாறாதவரை கை வரைந்தாலும் ஒன்றுதான், எந்திரம் வரைந்தாலும் ஒன்றுதான்.

6

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. ஆணையிட்டவனிடம் 'முடியாது' என்று சொல்லக் கைக்கு வாய்ப்பு உண்டு. சொல்லாமல் போகலாம், பசியால் சொல்ல முடியாமல் போகலாம், ஆனாலும் அந்த வாய்ப்பு உண்டு. நான் காட்டிய படத்தைப் பார்த்து 'இது சரியில்ல' என்று அண்ணாச்சியால் சொல்ல முடிந்தது. எந்திரமும் சிலவற்றை மறுக்கிறது, ஆனால் அது அதன் முதலாளி எழுதி வைத்த மறுப்பு. வடிவமைப்பில் மனிதத் திறன் என்று நான் எதையாவது மதிக்க வேண்டும் என்றால், அழகாக வரைவதைவிட இதைத்தான் மதிப்பேன்: செய்த வேலைக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பது, சண்டை போட ஓர் ஆள் இருப்பது.

சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். கணினி உருவாக்கிய படைப்புக்கு, அது உருவாகக் காரணமாக இருந்தவரே ஆசிரியர். செய்தவர் இல்லை, செய்வித்தவர். நமக்குத் தெரிந்த கதைதானே! கோயிலைக் கட்டியது யார் என்றால் ராஜா பெயரைச் சொல்லுவோம். 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் அபூர்வமாக ஒரு தச்சனின் பெயர் இருக்கிறது: குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். அந்தப் பெயரிலும் பாதி ராஜாவுடையது.

இதை மாற்ற முடியாது என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2023-ல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. எந்திரத்தை எழுத்தாளராகக் கணக்கிடக் கூடாது, அதைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, எந்திரம் எழுதியதைக் கையில் கொடுத்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். ஆன்மாவைப் பற்றிப் பேசி வாங்கியதில்லை இது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது. நம் போர்டு ஆர்ட்டிஸ்டுகளுக்கு ஃப்ளெக்ஸ் வந்தபோது அப்படியொரு பலம் இருக்கவில்லை, பக்கத்தில் போய் நிற்க எழுத்தாளர்களாகிய நாமும் இருக்கவில்லை.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. அட்டையில் எந்திரப் படத்தைப் போட்டால் உள்ளே அதைச் சொல்லிவிட வேண்டும். வரைந்தவர், எழுத்து எழுதியவர், பக்கம் அமைத்தவர், ப்ரூஃப் பார்த்தவர் எல்லோர் பெயரையும் ஆசிரியர் பெயர் அச்சாகிற அதே மரியாதையோடு அச்சிட வேண்டும். 'இலக்கியச் சேவை' என்று சொல்லி வடிவமைப்பாளரிடம் ஓசியில் வேலை வாங்குவதை நிறுத்த வேண்டும். எந்திரத்தை ஓசிக்காகத்தான் நாடுகிறோம். அந்த ஓசிப் பழக்கத்தை எந்திரம் வருவதற்கு முன்பே வளர்த்து வைத்திருந்தது நாம்தான். காசே இல்லையென்றால் படமில்லாத அட்டை போடலாம். கெட்டுப் போகாது.

நண்பரின் தொகுப்புக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். எந்திரப் படத்தை எடுத்துவிட்டோம். வெள்ளை அட்டையில் தலைப்பை மட்டும் அண்ணாச்சி தூரிகையால் எழுதிக் கொடுத்தார். 1,500 ரூபாய் கொடுத்தோம். அவருடைய பழைய ரேட்டுக்கு அது அதிகம் என்றார், இன்றைய விலைவாசிக்கு அது குறைவு என்று எங்களுக்குத் தெரியும். எழுதும்போது கை லேசாக நடுங்கியது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டார். பெயரைப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சிட்டோம். புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சந்தோஷம் தம்பி. ஆனா இத வச்சுப் பொழப்பு ஓடாது." ஏழு மணிக்கு டூட்டி என்று கிளம்பிவிட்டார்.

அவர் சொன்னது சரி. ஒரு அட்டையால் ஒரு தொழில் திரும்பி வராது. அதை வைத்து இந்தக் கட்டுரையை வெற்றிக் கதையாக்க எனக்கு உரிமையில்லை. அடுத்து வருகிறவர்களுக்காவது, செய்கிறவர்களும் எழுதுகிறவர்களும் ஒரே பக்கம் நின்று விலை பேசுவதற்கு என்ன அமைப்பு வேண்டும், அதில் நம் பங்கு என்ன? எனக்குத் தெளிவான பதில் இல்லை. நண்பர்கள் எழுதுங்கள், அண்ணாச்சி மாதிரியான ஆட்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவோம்.